பேரப்பிள்ளையோடு தூண்டில் போடுவோருக்கு வற்றுப்பெருக்கு நேரமும் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பாடசாலை விடுமுறை விட்டால் திருகோணமலை உட்துறைமுக வீதியோரத்திலும் டச்பே கடற்கரையிலும் ஒரே காட்சிதான். அப்பப்பாவோ அம்மப்பாவோ ஒரு கையில் தூண்டிலும் மறு கையில் பேரப்பிள்ளையுமாக வந்து சேருவார். அரை மணித்தியாலம் போகும். பிள்ளை நூலை விட்டுவிட்டு நண்டு துரத்த ஓடிவிடும். பெரியவர் மட்டும் நூலைப் பிடித்தபடி நிற்பார். இன்னும் கொஞ்ச நேரத்தில் பிள்ளைக்குத் தாகம், வெயில், அழுகை. 'இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பொறுமை கிடையாது' என்று சொல்லிக்கொண்டு இருவரும் வீட்டுக்குத் திரும்புவார்கள். பிள்ளையின் பொறுமையைக் குறை சொல்ல நாங்கள் தயாரில்லை. அந்தத் தூண்டில் முள் பெரியவருக்கு அளவானது, அந்த நூல் பெரியவருக்கு அளவானது, வந்த நேரமோ மீன் வாய் திறக்காத நேரம். ஏழு வயதுப் பிள்ளைக்கு அளவாக எல்லாவற்றையும் சிறிதாக்கினால் அதே பிள்ளை ஒன்றரை மணித்தியாலம் அசையாமல் இருக்கும். அதை எப்படிச் செய்வது என்பதையும், உங்கள் பத்திரிகையிடம் ஒரு வேண்டுகோளையும் எழுதுகிறோம்.

வேண்டுகோளை முதலில் சொல்லிவிடுகிறோம். நாள்தோறும் நீங்கள் திதி, நட்சத்திரம், இராகுகாலம், ராசிபலன் எல்லாம் போடுகிறீர்கள். அந்தப் பெட்டியின் அடியில் இரண்டு வரி சேர்க்க முடியுமா? திருகோணமலைத் துறைமுகத்தில் அன்று பெருக்கு (கடல்நீர் ஏறுவது) எத்தனை மணிக்கு, வற்று (அது இறங்குவது) எத்தனை மணிக்கு. இவை ஆண்டு தொடங்கும் முன்னரே கணித்து அட்டவணையாக வரும் நேரங்கள்தான். இடம் போதாவிட்டால் ராசிபலனில் இரண்டு வரியைக் குறைக்கலாம்; மீனராசிக்காரர்கள் கோபிக்கமாட்டார்கள்.

எங்கள் கடலில் வற்றுக்கும் பெருக்குக்கும் இடையில் நீர்மட்டம் பெரிதாக மாறுவதில்லை. கூடுதலாக மாறும் நாளிலும் ஒரு முழத்தைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். அதனால் பலர் அதைக் கணக்கில் எடுப்பதே இல்லை. ஆனால் மீனுக்கு மட்டத்தைவிட ஓட்டம்தான் முக்கியம். நீர் ஓடும்போது இறால் குஞ்சும் புழுவும் அடித்து வரப்படும், மீன் இரைக்கு இறங்கும். ஓட்டம் நின்ற நேரத்தில் எத்தனை நல்ல இரை போட்டாலும் நூல் செத்த பாம்பு மாதிரிக் கிடக்கும். பிள்ளையைக் கூட்டிப்போக நல்லது பெருக்கின் கடைசி இரண்டு மணித்தியாலமும் அதன்பின் வற்றத் தொடங்கும் முதல் மணித்தியாலமும். பாசி படிந்த கற்களின் மேல் தண்ணீர் ஏறும் நேரம் அது. மீனும் கரைக்கு நெருங்கும்.

நாளுக்கு இரண்டு பெருக்கு, இரண்டு வற்று. ஒவ்வொரு நாளும் ஏறத்தாழ 50 நிமிடம் பிந்தும். பத்திரிகையில் நேரம் வரும்வரை வீட்டு நாட்காட்டியிலுள்ள திதி போதும். அமாவாசை, பூரணை கழிந்து ஓரிரு நாளில் ஓட்டம் பலமாக இருக்கும். அட்டமி, நவமியை ஒட்டி மந்தம். பூரணை நாள் நாடெங்கும் விடுமுறை என்பதால் பிள்ளையின் விடுமுறையும் நல்ல ஓட்டமும் மாதம் ஒரு தரம் தானாகவே சேர்ந்து வரும். பிள்ளையிடம் ஒரு வெண்கட்டியைக் கொடுத்துத் தடுப்புச் சுவரில் தண்ணீர் தொடும் இடத்தில் கோடு போடச் சொல்லுங்கள். அரை மணித்தியாலம் கழித்து இன்னொரு கோடு. தண்ணீர் ஏறுகிறதா இறங்குகிறதா என்று பிள்ளையே கண்டுபிடித்துவிடும். சந்திரனைப் பற்றிய பாடத்தைப் பாடசாலையில் எடுக்கும் நாளில் அந்தப் பிள்ளைக்கு அது புதிதாக இராது.

மாதங்களைப் பொறுத்தவரை, சித்திரை விடுமுறையும் ஓகஸ்ட் விடுமுறையும் எங்களுக்கு வாய்ப்பானவை. மேற்குக் கரையில் கடல் கொந்தளிக்கும் ஓகஸ்டிலும் கிழக்கில் கடல் தட்டையாகக் கிடக்கும். மார்கழி விடுமுறையில் வாடைக்காற்று. பிள்ளையோடு திறந்த கடற்கரைப் பக்கம் போகவே வேண்டாம். ஆனால் தட்டைக் கடலிலும் ஒரு பொறி உண்டு. ஓகஸ்டில் காற்று பெரும்பாலும் தரையிலிருந்து கடலை நோக்கி அடிக்கும். டச்பேயிலோ உப்புவெளியிலோ நிலாவெளியிலோ காற்றடைத்த ரியூப், பந்து, மெத்தை எதையும் பிள்ளையோடு தண்ணீரில் விடக்கூடாது. அலையே இல்லாத கடலில் அது சத்தமில்லாமல் வெளியே போய்க்கொண்டிருக்கும். பந்து போனால் போகட்டும், பின்னால் நீந்தக்கூடாது என்பதை முதல் நாளே சொல்லிவைக்க வேண்டும். பிள்ளைக்கு நீந்தத் தெரிந்தாலும் உயிர்காப்பு அங்கி போட்டேயாக வேண்டும், சுவரில் இருந்தாலும்.

இடம் தெரிவு செய்யும்போது மூன்றைப் பாருங்கள்: காலுக்குக் கீழே உறுதி, பின்னால் வாகனம் இல்லை, அருகில் நிழல். உட்துறைமுகக் கரை அலையில்லாதது, தொடங்குவதற்கு ஏற்றது. இறக்கக்கண்டியில் களப்பு கடலோடு சேரும் இடத்தில் மீன் உண்டு; ஆனால் முகத்துவாரத்தின் ஓட்டம் பெரியவரின் காலையே வாரிவிடும். அங்கே பாலத்தின் உட்பக்கத்து ஆழமற்ற கரையோடு நின்றுகொள்ளுங்கள். கிண்ணியாப் பாலத்தின் மேல் நின்று போடுவோர் பலர். 396 மீற்றர் நீளமான அந்தப் பாலத்தில் பஸ்ஸும் லொறியும் போகும் வேகத்துக்குப் பிள்ளையை அதில் நிறுத்துவது சரியில்லை. கடற்படை முகாம்களை அண்டிய கரைகளில் அறிவித்தல் பலகை போட்டிருந்தால் திரும்பிவிடுங்கள். புறாமலை 2003 முதல் தேசிய பூங்கா; அங்கே தூண்டிலை எடுக்கவே கூடாது. கந்தளாய்க் குளம் போன்ற குளங்களில் திலாப்பியா நன்றாகப் பிடிபடும்தான், ஆனால் குளத்தங்கரையில் முதலையை நினைவில் வைத்து, தண்ணீர் விளிம்பிலிருந்து தள்ளியே பிள்ளையை இருத்துங்கள்.

காலையில் உட்துறைமுகக் கரையில் நிற்கும்போது வெயில் பெரும்பாலும் முதுகுப் பக்கமிருந்து வரும். எழுந்து நின்றால் உங்கள் நிழல் தண்ணீரில் விழும், கரையோர மீன் ஒரே வெட்டில் கலைந்துவிடும். இருந்துகொண்டு போடுங்கள். டச்பேயில் இதற்கு எதிர்மாறு. காலை வெயில் முகத்தில் அடிக்கும், மிதப்பு கண்ணுக்குத் தெரியாது, பத்து நிமிடத்தில் பிள்ளைக்குத் தலையிடிக்கும். டச்பேயை மாலைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இனித் தூண்டில். ரீல் பூட்டிய தடியைப் பத்து வயதுக்குக் கீழே கொடுக்க வேண்டாம். பிள்ளை சிக்கெடுப்பதிலேயே விடுமுறை போய்விடும். இரண்டு மீற்றர் நீளமான மூங்கில் தடி போதும். நுனி சுண்டுவிரல் பருமன், அடி பிள்ளையின் கைக்குள் அடங்கும் பருமன். நுனியில் 0.30 மி.மீ. தங்கூசி (நைலோன்) நூலைக் கட்டுங்கள். நூலின் நீளம் தடியின் நீளத்தைவிட ஒரு சாண் குறைவாக இருக்க வேண்டும். இதைத்தான் எல்லோரும் பிழை விடுகிறார்கள். நூல் தடியைவிட நீண்டிருந்தால், பிள்ளை தடியை நிமிர்த்தும்போது முள் கைக்கு வராமல் ஆடிக்கொண்டு போய்ப் பக்கத்தில் நிற்பவரின் காதிலோ பிள்ளையின் கன்னத்திலோ ஏறும். சரியான நீளத்தில் இருந்தால் தடியை நேரே நிமிர்த்தியதும் முள் தானாக வந்து கைக்கு எட்டும்.

முள் 10ஆம் இலக்கம். இலக்கம் கூடக்கூட முள் சிறியது என்பதைக் கடையில் கேட்டு வாங்குவோர் பலர் அறிவதில்லை. 4ஆம் இலக்கத்தை வாங்கிவந்துவிட்டு 'மீன் இரையை மட்டும் தின்னுது' என்பார்கள். கரையோரத்து மீனின் வாய் பிள்ளையின் சட்டைப் பொத்தான் அளவுகூட இராது. பெரிய முள் அதற்குள் போகாது. வாங்கியதும் செய்யவேண்டிய வேலை ஒன்று: முள்ளின் உட்பக்கம் பின்னோக்கி நிற்கும் எதிர்முள்ளைக் குறட்டால் நசுக்கித் தட்டையாக்குங்கள். நூலைத் தொய்யவிடாமல் தூக்கினால் இதனால் மீன் அதிகம் தப்பாது. பிள்ளையின் விரலில் ஏறினால் ஏறிய வழியே வெளியே வந்துவிடும். எதிர்முள் உள்ள முள் ஆழமாக ஏறிவிட்டால் இழுக்காதீர்கள். நூலை வெட்டிவிட்டு, முள் அசையாதபடி துணியால் சுற்றி வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். கண்ணருகில் என்றால் தொடவே வேண்டாம்.

முள்ளைக் கட்டும் முடிச்சு இப்படி. நூலின் நுனியை முள்ளின் கண்ணுக்குள்ளால் விட்டு ஒரு சாண் வெளியே இழுங்கள். அந்த நுனியால் நீள நூலை ஐந்து தரம் சுற்றுங்கள். பிறகு கண்ணோடு ஒட்டி நிற்கும் சின்னத் துளைக்குள்ளால் நுனியை விடுங்கள். விட்டதும் மேலே ஒரு பெரிய வளையம் உண்டாகும், அதற்குள்ளாலும் ஒரு தரம் எடுங்கள். இறுக்கும் முன் எச்சில் தொட்டு நனைக்க வேண்டும். காய்ந்தபடி இழுத்தால் உராயும் சூட்டில் நைலோன் இளகி, மீன் வந்த அன்று அந்த இடத்தில்தான் அறும். மிச்ச நுனியை மூன்று மி.மீ. விட்டு வெட்டுங்கள். மீனோடு முள் போய்விட்டால் மிஞ்சிய நூலின் நுனியைப் பாருங்கள். பன்றிவால் போலச் சுருண்டிருந்தால் முடிச்சு வழுக்கியிருக்கிறது, சுற்றுப் போதவில்லை. நேரே வெட்டினாற்போல இருந்தால் கல்லோ மீனின் பல்லோ அறுத்திருக்கிறது. பிள்ளைக்கு இதைப் பழக்க முள் வேண்டாம். வீட்டில் ஒரு திறப்பு வளையமும் சப்பாத்து நாடாவும் போதும். ஏழு வயதுப் பிள்ளை இரண்டு மாலையில் பிடித்துவிடும்.

ஈயத்தைப் பல்லால் கடித்து நூலில் இறுக்கும் பழக்கம் எங்கள் தலைமுறைக்கு உண்டு. பிள்ளையின் முன்னால் அதைச் செய்யாதீர்கள், பிள்ளையைச் செய்யவும் விடாதீர்கள். ஈயம் பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும் நஞ்சு. குறட்டால் நசுக்குங்கள், அதைவிட, சைக்கிள் கடையில் கிடக்கும் ஒரு சிறு இரும்பு நட்டைக் கட்டினாலே போதும். மிதப்புக்குப் பழைய இறப்பர் செருப்பிலிருந்து இரண்டு சென்ரிமீற்றர்க் கட்டி ஒன்றை வெட்டி, ஒரு பக்கம் பிளந்து நூலைச் செருகுங்கள். ரெஜிபோம் வேண்டாம்; உதிர்ந்து கடலில் மணி மணியாகப் போகும். மிதப்பு பாதி அமிழ்ந்து பாதி தெரிய வேண்டும். முழுவதும் மேலே நின்றால் பாரம் போதாது. மீன் இழுக்கும்போது மிதப்பின் எதிரிழுப்புத் தெரிந்து இரையைத் துப்பிவிடும். இரை அடித்தரையிலிருந்து ஒரு சாண் மேலே தொங்கட்டும்.

இரைக்கு இறால் நல்லது. தோலை உரித்து ஒரு சென்ரிமீற்றர்த் துண்டாக வெட்டுங்கள், அதற்குமேல் வேண்டாம். 100 கிராம் இறாலில் இரண்டு மேசைக்கரண்டி உப்பைப் பிரட்டி இரவு முழுக்க வைத்தால் சதை இறுகி, முள்ளில் நின்று பிடிக்கும். வெயிலில் திறந்து வைத்த இரை கூழாகி முதல் வீச்சிலேயே கழன்று விழும். பிள்ளை வெறும் முள்ளோடு அரை மணித்தியாலம் காத்திருக்கும். ஈரத்துணியில் சுற்றி நிழலில் வையுங்கள். பாசி தின்னும் ஓராவுக்குப் பாண் போதும். பாணின் வெள்ளைப் பகுதி இரண்டு துண்டு, ஒரு மேசைக்கரண்டி கோதுமை மா, நாலைந்து சொட்டுத் தண்ணீர், நகத்தளவு பஞ்சைப் பிய்த்துப் போட்டுக் கையில் ஒட்டாத பதம்வரை பிசையுங்கள். பஞ்சின் நார்தான் அதைக் கரையாமல் வைத்திருக்கும். கடலை அளவு உருண்டை. இரையைப் பிசையும் வேலையைப் பிள்ளையிடம் முழுதாக விட்டுவிடலாம்.

ஐந்து வயதுக்குக் கீழே முள்ளே வேண்டாம். கயிற்றில் ஒரு மீன்தலையைக் கட்டிக் களப்பின் ஆழமற்ற கரையில் போட்டு, நண்டு பிடித்ததும் மெல்ல மெல்ல இழுத்து அத்தாங்கால் (கைவலையால்) கீழிருந்து ஏந்துங்கள். வேகமாக இழுத்தால் நண்டு விட்டுவிடும் என்பதைப் பிள்ளை மூன்றாவது தரத்தில் தானே கற்கும். வயிற்றின் கீழ் மஞ்சளாகவோ கபிலமாகவோ முட்டைத்திரள் உள்ள நண்டைத் திரும்ப விடுங்கள்.

மீன் கொத்துவதை மிதப்பைப் பார்த்தே வாசிக்கலாம். படபடவென்று துடித்து நின்றால் அநேகமாகக் கீளி. இரை திருடுவதில் இதற்கு நிகர் இல்லை. கையில் எடுத்ததும் உறுமும், பிள்ளைகள் இதைக் கேட்டால் விடமாட்டார்கள். அதன் உடம்பில் மூன்று வளைந்த கருங்கோடுகள் உண்டு. மேலேயிருந்து பார்த்தால் அவை வட்டத்துக்குள் வட்டமாகத் தெரியும். ஆனால் செவுள் மூடியில் ஒரு கூர்முள் இருக்கிறது, பிடிக்கும் கையை அதுதான் கிழிக்கும். மணல் தரையில் மிதப்பு மெல்ல ஒரு பக்கமாக நகர்ந்தால் கிழக்கன். சின்ன வாய், மென்மையான கொத்து. சுண்டி இழுத்தால் உதடு கிழிந்து போய்விடும், தடியை மெல்லத் தூக்கினாலே போதும். காரல் பிடிபட்டால் அதன் மேலுதட்டை நகத்தால் முன்னே இழுத்துக் காட்டுங்கள். வாய் ஒரு குழாய் மாதிரி நீண்டு வரும். தொண்டையைச் சுற்றி ஒளிவிடும் நுண்ணுயிர்கள் வாழும் மீன் அது. முரல் மேல்மட்டத்தில் திரியும், மிதப்பை இறக்கி ஒன்றரைச் சாண் ஆழம் வையுங்கள்.

பேத்தை வந்தால் நூலைப் பாருங்கள். நாலே நாலு பல்லுத்தான், ஆனால் கத்தரி போலத் தங்கூசியை வெட்டும். வயிறு ஊதுவதைப் பார்க்கப் பிள்ளை கேட்கும். தண்ணீரிலேயே வைத்து ஒரு நிமிடம் காட்டிவிட்டு விடுங்கள். கறிக்கு எடுக்கவே கூடாது. ஈரலிலும் சினையிலும் தோலிலும் உள்ள நஞ்சு எவ்வளவு வேகவைத்தாலும் போகாது, மாற்று மருந்தும் இல்லை.

ஓராவையும் கெளிற்றையும் பிள்ளை தொடக்கூடாது. இதில் விட்டுக்கொடுப்பே வேண்டாம். ஓராவுக்கு முதுகில் 13 முள், வயிற்றுப் பக்கம் 7, அதற்கு முன்னால் இருக்கும் இரண்டு சிறு செட்டைகளிலும் முள், எல்லாவற்றிலும் விஷம். கெளிற்றுக்கு முதுகில் ஒன்று, பக்கத்துக்கு ஒன்று. இவற்றைத் தூண்டில் முள்ளிலிருந்து கழற்றக் கையே தேவையில்லை. வாளிக்கு மேலே நூலோடு தொங்கவிட்டு, குறட்டால் முள்ளின் வளைவைப் பிடித்துத் தலைகீழாகத் திருப்புங்கள். எதிர்முள் நசுக்கியிருந்தால் மீன் தானாக வாளிக்குள் விழும்.

குத்திவிட்டால் செய்யவேண்டியது இதுதான். தேத்தண்ணிக்கென்று ஒரு லீற்றர் பிளாஸ்க்கில் கொதிநீர் கொண்டுபோவீர்கள் அல்லவா, அதுவே மருந்து. வாளியில் கொதிநீர் ஒரு பங்கு, கடல்நீர் மூன்று முதல் நான்கு பங்கு கலந்தால் ஏறத்தாழ 45 பாகை வரும். முதலில் உங்கள் கையைப் போட்டுப் பாருங்கள், உங்களால் தாங்க முடிய வேண்டும். வலியில் துடிக்கும் பிள்ளைக்குச் சூடு தெரியாது, வெந்துவிடும். உங்கள் கையையும் பிள்ளையின் கையோடு சேர்த்தே உள்ளே வைத்திருங்கள். இந்த விஷம் புரதம், சூட்டில் கெடும். 30 முதல் 90 நிமிடம் வரை, வலி தணியும்வரை வைக்க வேண்டும். இடையில் ஆறும் என்பதால் பிளாஸ்க்கில் பாதியை மிச்சம் பிடியுங்கள். சூட்டை ஏற்றும்போது பிள்ளையின் கையை வெளியே எடுத்துவிட்டு ஊற்றுங்கள். ஐஸ் வைப்பதும், கத்தியால் கீறுவதும், சுண்ணாம்பு தடவுவதும் வேண்டாம். முள் உள்ளே முறிந்திருந்தாலோ, வீக்கம் ஏறிக்கொண்டு போனாலோ, மூச்சு முட்டினாலோ 1990 அம்புலன்ஸை அழையுங்கள். ஏற்புத் தடுப்பூசி பற்றியும் வைத்தியரிடம் கேளுங்கள். மணலில் இறங்கி நடப்பதானால் காலைத் தூக்கி வைக்காமல் தரையோடு இழுத்து நடக்கப் பிள்ளைக்குப் பழக்குங்கள். புதைந்து கிடக்கும் திருக்கை அசைவு தெரிந்து விலகிப் போகும். கல் இடுக்கில் கைவிடக்கூடாது, அஞ்சாலை என்ற கடல் விலாங்கு இருக்கும். ஐப்பசி, கார்த்திகையின் பின்னேர இடிமழைக் காலத்தில் மின்னலுக்கும் முழக்கத்துக்கும் இடையில் 30 வரை எண்ண முடியாவிட்டால் தடியைச் சுருட்டிக்கொண்டு கட்டடத்துக்குள் போய்விட வேண்டும்.

இவ்வளவையும் சொன்னது பயமுறுத்த அல்ல. இதெல்லாம் ஒழுங்காக இருந்தால்தான் மீன் கொத்தாத நேரத்தை நிம்மதியாகச் செலவழிக்கலாம். ஒன்றரை மணித்தியாலத்தில் அதுதான் கூட. அந்த நேரத்தில் பிள்ளையின் கண்ணுக்கு வேலை கொடுங்கள். கறுப்பும் வெள்ளையுமான மீன்கொத்தி தண்ணீருக்கு மேலே ஒரே இடத்தில் சிறகடித்து நிற்கும், பிறகு தலைகீழாக விழும். எத்தனை தரம் விழுந்து எத்தனை தரம் மீனோடு எழும்புகிறது என்று எண்ணச் சொல்லுங்கள். வெறும் வாயோடு எழும்பும் தரங்களைக் கண்டபின் பிள்ளை தன் வெறும் தூண்டிலுக்காக அழாது. செம்பருந்து தண்ணீரில் விழுவதில்லை, மேலாகப் பறந்தபடி காலால் அள்ளும். நீர்க்காகம் சிறகை விரித்துக் காயவைப்பது அதன் இறகு நனைந்துவிடுவதால். கண்டல் ஓரத்துச் சேற்றில் ஒரு கை மட்டும் பெரிதான சிறு நண்டுகள் கையாட்டும். கையாட்டுவன எல்லாம் ஆண். பத்து நிமிடம் அசையாமல் இருந்தால் ஒன்றொன்றாக வளையிலிருந்து வெளியே வரும், ஒரு விரல் அசைந்தால் எல்லாம் மறையும். அசையாமல் இருப்பதைப் பிள்ளைக்குக் கற்பிக்க இதைவிட நல்ல ஆசிரியர் கிடையாது. மார்ச் முதல் ஓகஸ்ட் வரை கடல் அமைதியாக இருக்கும் நாளில் கோணேசர் கோயில் நிற்கும் சுவாமி மலையிலிருந்து பார்த்தால் நீலத் திமிங்கிலம் மூச்சு விடும் நீர்ப்புகை தெரியவும் வாய்ப்புண்டு. கடலடிப் பள்ளத்தாக்கு ஒன்று இங்கே கரைக்கு மிக அருகில் வருவதால்தான் அவ்வளவு ஆழத்து உயிர் இவ்வளவு கிட்ட வருகிறது.

வெள்ளிக்கிழமை மச்சம் காய்ச்சாத வீடென்றால் தடியை வீட்டில் வைத்துவிட்டுப் பாண் துண்டோடு மட்டும் போங்கள். ஓராவும் கீளியும் மேலே வந்து சண்டை பிடிப்பதைப் பார்க்கலாம்.

மற்ற நாட்களில் எவ்வளவு எடுப்பது என்பதைப் போகும்முன் பேசிக்கொள்ளுங்கள். ஒரு சொதிக்குப் பத்துக் காரல் போதும் என்றால் பதினோராவதை விட வேண்டும். விடும் மீனை நனைந்த கையால் மட்டும் தொடுங்கள். காய்ந்த கையும் துவாயும் அதன் வழுவழுப்பைத் துடைத்துவிடும், அதுதான் நோய்த்தொற்றிலிருந்து அதைக் காக்கும் போர்வை. முள்ளை விழுங்கியிருந்தால் தோண்டாமல் வாயோடு ஒட்ட நூலை வெட்டி விடுங்கள். எடுக்கும் மீனை வாளியில் துடிக்கவிடாமல் தலையில் ஒரு அடியோடு முடித்து உடனே ஐசில் வையுங்கள், மீனின் எடைக்குச் சமமான ஐஸ். சாளை, கும்பளா போன்றவை வெயிலில் கிடந்தால் உண்டாகும் நஞ்சு சமைத்தாலும் போகாது. சாப்பிட்டதும் முகம் சிவந்து உடம்பு கடிப்பது அதனால்தான். மீனைக் கழுவி வெட்டும்போது பிள்ளையைப் பக்கத்தில் வைத்து இரைப்பையைப் பிளந்து காட்டுங்கள். காலையில் தான் போட்ட இறால் துண்டு உள்ளே இருந்தால் அதன் முகத்தைப் பார்க்க வேண்டும்.

இன்னொரு விடயம், உள்ளூராட்சி மன்றத்தினர் இதை வாசித்தால் நல்லது. தடுப்புச் சுவரின் கற்களுக்கிடையில் அறுந்த தங்கூசி பந்து பந்தாகக் கிடக்கிறது. அது உக்காது. கொக்கின் காலிலும் ஆமையின் கழுத்திலும் சுற்றும். சில பந்துகளில் முள்ளும் உண்டு, வெறுங்காலோடு ஓடும் பிள்ளைக்கு அது காத்திருக்கிறது. இதற்குப் பெரிய திட்டமெதுவும் தேவையில்லை. நாலங்குலப் பிளாஸ்ரிக் குழாய் ஒரு முழ நீளம், அடியில் திருகு மூடி, மேலே மழை போகாதபடி ஒரு வளைமுட்டு. தூண்டில் போடும் இடங்களில் மின்கம்பத்தோடு பிள்ளையின் நெஞ்சு உயரத்தில் கட்டிவிட்டால் அறுந்த நூலை அதற்குள் போடலாம். மாதம் ஒரு தரம் அடி மூடியைத் திருகி எடுத்தால் வேலை முடிந்தது. மூடி மட்டும் இறுக்கமாக இருக்கட்டும். உட்துறைமுக வீதியில் மூன்று, டச்பேயில் இரண்டு போதும். குழாயும் மூடியும் தந்தால் கட்டுவதற்கும் மாதாமாதம் கழற்றிக் கொட்டுவதற்கும் நாங்கள் தயார், பேரப்பிள்ளைகளும் வருவார்கள்.

இப்படிக்கு,
கரையோரத்து மூத்த தூண்டில்காரர் சிலர்,
திருகோணமலை.